ஸ்கேனர் படிக்கவில்லையா? முதலில் லேபிளைப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்தில் ஒரு மளிகைக் கடையின் பில்லிங் கவுன்ட்டரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். புளி, ராகி மாவு, சாமை, நிப்பட்டு (தட்டை) எல்லாவற்றையும் பின்கட்டில் நாங்களே பாக்கெட் போட்டு பார்கோடு லேபிள் அடித்து ஒட்டுகிறோம். "அக்கா, ஸ்கேனர் போயிடுச்சு" என்று கடைப்பிள்ளைகள் கூப்பிடும்போதெல்லாம் நான் முதலில் கையில் எடுப்பது பாக்கெட்டைத்தான். இத்தனை வருடத்தில் ஸ்கேனரே பழுதானது இரண்டு தடவை. ஒன்று கீழே விழுந்தது, இன்னொன்றுக்குக் கைப்பிடி அடியில் ஒயர் அறுந்தது. மற்றதெல்லாம் லேபிளிலோ செட்டிங்கிலோ இருந்த கோளாறு.

முதலில் கம்பெனியில் அச்சாகி வந்த ஒரு சோப்பையோ பிஸ்கட்டையோ காட்டிப் பாருங்கள். அது படித்து, உங்கள் பாக்கெட் மட்டும் படிக்கவில்லை என்றால் ஸ்கேனர் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் லேபிளில். இரண்டுமே வரவில்லை என்றால் கணினியில் நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்யுங்கள். சாதாரண யுஎஸ்பி ஸ்கேனரைக் கணினி ஒரு கீபோர்டாகத்தான் நினைக்கிறது. நாம் எண்ணைத் தட்டுவதற்குப் பதில் அது தட்டுகிறது, அவ்வளவுதான். பீப் சத்தம் வந்தும் நோட்பேடில் ஒன்றும் விழவில்லை என்றால் ஒயரை யுஎஸ்பி ஹப்பிலிருந்து (பல ஒயர் செருகும் பெட்டி) பிடுங்கி நேராகக் கணினியிலேயே செருகுங்கள். நோட்பேடில் எண் வருகிறது, பில்லில் வரவில்லை என்றால் கர்சர் வேறு கட்டத்தில் நிற்கிறது என்று அர்த்தம். எண் விழுந்தும் அடுத்த வரிக்குப் போகாவிட்டால், ஸ்கேனர் கடைசியில் என்டர் தட்ட மறந்துவிட்டது. அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் பார்கோடு, கூட வந்த மேனுவலில் இருக்கும். எங்கள் கடையில் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து மேசையில் ஒட்டிவிட்டோம். பெரிய எழுத்து சின்னதாகவும், சின்னது பெரியதாகவும் வந்தால் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள்.

எண் சரியாக விழுந்தும் 'பொருள் இல்லை' என்று சாஃப்ட்வேர் சொல்கிறதா? நோட்பேடில் விழுந்த எண்ணையும் பார்கோடு பட்டைக்குக் கீழே அச்சான எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் பொருள் பட்டியலில்தான் தப்பு. ஒரு மாம்பழ சீசனில், கடை நிறைய கூட்டம் இருக்கும்போது, புதிதாக ஏற்றிய நாற்பது பொருளும் இப்படி மாட்டிக்கொண்டன. பட்டியலை எக்செலில் தயார் செய்திருந்தோம். 890-இல் தொடங்கும் 13 இலக்க எண்ணை எக்செல் 8.90E+12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே பில்லிங்கில் ஏற்றும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் பில்லிங்குக்குப் போகும். எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும். சுழியத்தில் தொடங்கும் எண்ணுக்கும் இதே மருந்துதான்.

இனி லேபிள். பாதிப் பேர் தங்களிடம் இருப்பது எந்த வகை என்றே தெரியாமல் ரோல் வாங்குகிறார்கள். லேபிளின் முகத்தில் நகத்தால் வேகமாக ஒரு கீறல் போடுங்கள். கருப்புக் கோடு விழுந்தால் அது சூட்டிலேயே கருக்கும் டைரக்ட் தெர்மல் தாள், மை ரிப்பன் வேண்டாம். கோடு விழாவிட்டால் ரிப்பன் வேண்டும். தெர்மல் தாளுக்கு எண்ணெய் ஆகாது, வெயிலும் ஆகாது. எங்கள் நிப்பட்டு பாக்கெட்டில் எண்ணெய் கசிந்து ஒரு வாரத்தில் பட்டையும் விலையும் மங்கிப்போய், வாங்க வந்தவர்கள் முன்னால் ஒவ்வொன்றின் எண்ணையும் கையால் தட்டினோம். இப்போது புளி, மாவு இரண்டுக்கும் குரோமோ என்னும் பூச்சுத் தாளும் வேக்ஸ் (மெழுகு மை) ரிப்பனும், நிப்பட்டுக்கு மட்டும் பாலியெஸ்டர் லேபிளும் ரெசின் (பிசின் மை) ரிப்பனும். செலவு கூடத்தான். ஆனாலும் பணத்தை இங்கேதான் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

ரிப்பன் மாட்டியும் வெற்று லேபிளே வந்தால் ரிப்பன் திரும்பி இருக்கலாம். ஒரு லேபிளின் பசைப் பக்கத்தை ரிப்பனில் ஒட்டிப் பிரியுங்கள். மை ஒட்டி வரும் பக்கம்தான் லேபிளைப் பார்க்க வேண்டும்.

அச்சு லேபிளுக்கு லேபிள் நகர்ந்துகொண்டே போனால், அல்லது ஒன்று அடித்து இரண்டு வெற்றாக வந்தால், லேபிளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கும் பிரின்டர் சென்சார் குழம்பியிருக்கிறது. ரோலை மாற்றிய பிறகும் கரன்ட் போய் வந்த பிறகும் இது எங்களுக்கு அடிக்கடி வரும். கணினியில் பிரின்டர் டிரைவர் செட்டிங்கில் லேபிள் அளவு சரியா என்று பாருங்கள், எங்களுடையது 50க்கு 25 மில்லிமீட்டர். அப்புறம் கேலிபிரேட் செய்யுங்கள். பல பிரின்டர்களில் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால், நாலைந்து லேபிளை வெளியே தள்ளி அதுவே அளவெடுத்துக்கொள்ளும்.

அச்சு மங்கல் என்றதும் எல்லோரும் பிரின்டர் செட்டிங்கில் டார்க்னெஸ்ஸைத்தான் (கருமையை) ஏற்றுகிறார்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் கருப்புப் பட்டை வீங்கி வெள்ளை இடைவெளியை மூடிவிடும். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஸ்கேனருக்குப் புரியாது. சூட்டால் அச்சடிக்கும் ஹெட்டும் சீக்கிரம் தேயும். முதலில் அச்சடிக்கும் வேகத்தைக் குறையுங்கள். மிஷினை அணைத்து, ஹெட் ஆறியதும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். ரோல் மாற்றும்போதெல்லாம் நான் இதைச் செய்கிறேன். ஊசி நுனி, பிளேடு எதுவும் ஹெட் மேல் படவே கூடாது.

டிசைனில் பார்கோடை மவுஸால் இழுத்துச் சுருக்காதீர்கள். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரின்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் வைக்கும், இழுத்தால் பட்டைகளின் அகலம் கோணிப்போகும். பட்டையின் இரண்டு பக்கமும் வெற்றிடம் விடுங்கள், விலையை அதோடு ஒட்டி எழுதாதீர்கள். சிவப்பு ஒளி ஸ்கேனருக்குச் சிவப்பு மை வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் கருப்பே நல்லது. சின்ன நெய் பாட்டிலில் பட்டைகள் ஏணிப்படி போலப் படுத்திருக்க வேண்டும், நின்றால் வளைவில் ஓரம் மறைந்துவிடும். புளி பாக்கெட்டில் சுருக்கம் விழாத நடுப்பகுதியில் ஒட்டுங்கள்.

துடைத்த பிறகும் எல்லா லேபிளிலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு நீளமாக ஓடினால் ஹெட்டில் ஒரு புள்ளி எரிந்துவிட்டது. ஹெட் மாற்றத்தான் வேண்டும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். புது ஹெட் வரும்வரை கடையை நிறுத்த வேண்டாம். டிசைனில் பார்கோடை 90 டிகிரி திருப்பிவிடுங்கள். அப்போது வெள்ளைக் கோடு ஒரு பட்டையை முழுசாக அழிக்காது, எல்லாப் பட்டையையும் குறுக்கே கொஞ்சம் வெட்டும். ஸ்கேனர் அதற்கு மேலேயோ கீழேயோ படித்துக்கொள்ளும். ஒரு தடவை பன்னிரண்டு நாள் இப்படியே ஓட்டினோம்.