வன்னியில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் பறவை பார்க்கப் புறப்படும் நாளைத் தீர்மானிப்பது நீர்மட்டம். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழையில் குளங்களும் களப்புகள் எனப்படும் கடலோர உப்பேரிகளும் நிரம்பிக் கிடப்பதால், வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் பரவலாகச் சிதறியிருக்கும்; தை பிறந்து நீர் வற்றத் தொடங்கிய பின்னரே அவை ஆழமற்ற இடங்களில் திரளும். ஆகவே தை, மாசி மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதன்முறை வருபவர்கள் மன்னார் மாவட்டத்து வங்காலையிலிருந்து தொடங்கலாம். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இவ்விடத்தை மதவாச்சி - தலைமன்னார் வீதியோரத்தில் நின்றே பார்க்க முடியும் என்பதால், சேற்றில் இறங்க வேண்டிய தேவையில்லை. விடியற்காலையில், சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, தொலைநோக்கியில் ஒரேயொரு பூநாரையைச் சற்று நேரம் தொடர்ந்து கவனியுங்கள். அது தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக இருக்கும்படி நீரில் அமிழ்த்தி, நாக்கினால் நீரை இழுத்து வெளித்தள்ளி, அலகோரச் சல்லடையில் தங்கும் சிற்றுயிர்களை உண்கிறது. அதன் செந்நிறமும் இந்த உணவிலிருந்தே வருகிறது. கூட்டம் மேய்வதை விட்டு ஒருசேரக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், உடனே பின்வாங்குங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டிக் கிளப்புவோரும் உண்டு. அவர்களோடு போகாமலிருப்பதே மேல்.

சுண்டிக்குளம் களப்பு வேறு வகையானது. 1938இல் சரணாலயமாக்கப்பட்டு 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட அப்பகுதிக்கு, வனஜீவராசிகள் திணைக்களத்தில் விசாரித்துக்கொண்டு, அக்களப்பில் தொழில் செய்யும் மீனவர் ஒருவருடன் செல்ல வேண்டும். மேலே காய்ந்து வெடித்திருக்கும் தரையின் கீழ் முழங்காலளவு சேறு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவருடைய ஒரு நாள் தொழில் கெடுகிறது என்பதை மனதில் வைத்து, கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். போர் நடந்த மண் என்பதால், கண்ணிவெடியை எச்சரிக்கும், மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகை கண்ட இடத்துக்கு அப்பால் ஓரடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து பழகிய தடத்தை விட்டு விலகாதீர்கள்.

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் போகிறவர்கள் யானை வீதிக்கு வரும் மாலைக்கு முன் திரும்பிவிட வேண்டும். பாலைப்பழக் காலத்தில் பழம் பொறுக்கவென்று தனியே காட்டுக்குள் நுழைவதும் ஆகாது. அந்தப் பழத்தில் கரடிக்கும் நம்மைப்போலவே ஆசை அதிகம்.