இடுப்பு மூட்டு மாற்றியபின் கால் வீங்குகிறதா?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடித்து வீடு திரும்பியவர்களுக்கு, அறுவை செய்த பக்கத்துக் கால் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட வீங்கியிருக்கும். காலையில் குறைந்து மாலையில் ஏறும்.

நம் பக்கத்தில் நலம் விசாரிக்க வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்காகக் காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்காராதீர்கள். படுத்தபடியே பேசலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மல்லாந்து படுத்து, கால் முழுவதையும் தலையணைகள் தாங்க, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கட்டும். முட்டிக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை அசையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைக்கலாம். வீக்கத்துக்குப் பயந்து நடையை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை நடங்கள்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு, திடீர் வீக்கம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108.