டெர்மினலில் யூசர் மாறும்போது இடறும் இடங்கள்

லினக்ஸில் கொஞ்ச நேரத்துக்கு வேறு யூசராக மாற எஸ்யூ (su), சூடோ (sudo) என்ற இரண்டு கமாண்டுகள் போதும். மாறிய பிறகு எது மாறியது, எது பழையபடியே இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதால்தான் தலைவலி.

முதலில் எஸ்யூவுக்குப் பின்னால் போடும் சின்னக் கோடு (-). கோடு இல்லாமல் வெறும் எஸ்யூ அடித்து ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) ஆனால் அதிகாரம் ரூட்டுடையது; கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான பாத் மட்டும் பழைய யூசருடையதாகவே இருக்கலாம். 2019இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 10ஆம் பதிப்பு வந்தபோது பலர் மாட்டிக்கொண்டது இதில்தான். அதுவரை வெறும் எஸ்யூவே பாத்தையும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 10இல் அது நின்றுபோனது. ரூட்டாக இருந்துகொண்டே, புதிய யூசரைச் சேர்க்கும் ஆட்யூசர் (adduser) கமாண்டை அடித்தால், அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று பதில் வரும். புரோகிராம் எஸ்பின் ஃபோல்டரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அந்த ஃபோல்டர் பாத்தில் இல்லை, அவ்வளவுதான். ‘எஸ்யூ -’ என்று கோடு சேர்த்து அடித்தால் அந்த யூசரே புதிதாக லாகின் செய்ததுபோல் எல்லாம் மாறும், நிற்கும் ஃபோல்டர் உட்பட.

எஸ்யூ கேட்பது மாறப்போகும் யூசரின் பாஸ்வேர்டை; ஒரு கமாண்டை மட்டும் வேறு யூசராக ஓட்டும் சூடோ கேட்பது வழக்கமாக உங்களுடையதை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ரூட்டின் பாஸ்வேர்டு பூட்டியே வருவதால் எஸ்யூ உள்ளே விடாது. உடனே ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைக்கக் கிளம்ப வேண்டாம், ரூட் ஆக ‘சூடோ -ஐ’ (sudo -i) போதும்.

அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரூட் மட்டுமே எழுதக்கூடிய ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்க்க ‘சூடோ எக்கோ’ (எக்கோ என்பது கொடுத்த வரியை அப்படியே வெளியிடும் கமாண்டு) என்று தொடங்கி, வரியை எழுதி, >> என்ற, கடைசியில் சேர்க்கும் குறியைப் போட்டு ஃபைல் பெயரைக் கொடுப்பார்கள். சூடோ போட்டும் பர்மிஷன் இல்லை என்று வரும். காரணம், >> பார்த்து ஃபைலைத் திறப்பது, நீங்கள் அடிப்பதை வாங்கி ஓட்டும் உங்கள் ஷெல். அது இன்னும் நீங்களாகத்தான் ஓடுகிறது. ரூட்டாக ஓடியது எக்கோ மட்டுமே, அதற்கோ ரூட் அதிகாரமே தேவையில்லை! எக்கோவைச் சாதாரணமாக ஓட்டி, பைப் (|) வழியாக, வருவதை ஃபைலில் எழுதும் ‘சூடோ டீ -ஏ’வுக்கு (sudo tee -a) அனுப்புங்கள். அந்த ‘-ஏ’ விட்டுப்போனால் ஃபைலில் முன்பிருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

எதற்கெடுத்தாலும் சூடோ போடும் பழக்கமும் ஆகாது. புரோகிராமின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் உங்கள் கிட் (git) ஃபோல்டருக்குள் சூடோ போட்டு கமிட் (பதிவு) செய்தால் உள்ளே சில ஃபைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், அடுத்த கமிட் முரண்டு பிடிக்கும்.

வேலை முடிந்து திரும்ப எக்ஸிட் அடியுங்கள். பழைய யூசர் பெயரைப் போட்டு மறுபடி எஸ்யூ அடித்தால் ரூட் ஷெல் அடியில் திறந்தே கிடக்கும். பிறகு யாரோ எக்ஸிட் அடித்தால் நேராக ரூட்டில் போய் நிற்பார்.

யார் சூடோ போடலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலைச் சாதாரண எடிட்டரில் தொடாதீர்கள். ஒரு எழுத்துப் பிழை வந்தால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம், சூடோ வழியாக அதைத் திருத்தவும் முடியாது. அதற்கென்றே உள்ள விசூடோ (visudo) கமாண்டு சேமிக்கும் முன் சோதித்து, பிழை இருந்தால் என்ன செய்ய என்று கேட்கும். அப்போது ‘இ’ அழுத்தினால் மீண்டும் திருத்தலாம், ‘எக்ஸ்’ அழுத்தினால் சேமிக்காமல் வெளியேறலாம். பெரிய ‘க்யூ’ மட்டும் வேண்டாம். அது பிழையோடே சேமித்துவிடும்.