பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து இலவச வழக்கறிஞர் கேட்பது எப்படி

சிறையில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் கேட்க வருமானச் சான்றிதழ் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12(ஜி)-யின்படி, காவலில் இருப்பதே தகுதி. சான்றிதழுக்காக 'நாட கச்சேரி' எனப்படும் வருவாய்த் துறை அலுவலகத்தில் வரிசையில் நின்று நாட்களை இழக்காதீர்கள். ஆட்கொணர்வு மனுவை (சட்டவிரோதக் காவலில் உள்ளவரை விடுவிக்கக் கேட்கும் மனு) வெளியிலிருந்து தாயோ மனைவியோ போட்டால், பெண் என்ற முறையில் அவர்களுக்கும் 12(சி) பொருந்தும். தந்தையோ அண்ணனோ போட்டால் வருமானம் கேட்கப்படலாம். ஆகவே பெண் ஒருவர் பெயரில் போடுவதே மேல்.

உள்ளே இருப்பவர் சிறையின் சட்ட உதவி மையத்திலோ கண்காணிப்பாளரிடமோ விண்ணப்பம் தரலாம். குடும்பத்தார் ஹெச். சித்தையா சாலை நியாய தேகுல கட்டடத்தில் உள்ள மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். உயர் நீதிமன்ற மனுவுக்கு உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு தனியாக இருக்கிறது. தொலைபேசி உதவிக்கு 15100. விண்ணப்பம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர்கள் எழுதிக்கொண்டு கைரேகை வாங்குவார்கள்.

விண்ணப்பத்தில் கைதி எண், காவல் நிலையம், குற்ற எண், பிரிவுகள், பிடித்த தேதி, எந்த நீதிமன்றம் ரிமாண்டு செய்தது, அடுத்த வாய்தா ஆகியவை வேண்டும். பெயரில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். இனிஷியல் ஓரிடத்தில் விரிந்தும் இன்னோரிடத்தில் சுருங்கியும் இருக்கும். கன்னட எழுத்துக்கூட்டலும் மாறும். சிறைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதி, ஆதார் பெயரையும் பக்கத்தில் குறியுங்கள். வக்காலத்தில் (வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாளில்) கைதி இட்ட கையெழுத்துக்குச் சிறை அதிகாரியின் சான்றொப்பமும் முத்திரையும் இல்லாவிட்டால் மனு திரும்பி வரும்.

ஆட்கொணர்வு மனு எல்லாக் காவலுக்கும் மருந்தல்ல. மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்திருந்தால் பெரும்பாலும் தள்ளுபடியாகும்; ஜாமீன்தான் வழி. 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், அது தாக்கலாகும் முன்பே ஜாமீன் மனு போட்டுவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை கைவிட்டுப் போகலாம். பிடித்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்தாதபோதும், குண்டர் சட்டம் போன்றவற்றின்கீழ் விசாரணையின்றி முன்கூட்டியே வைக்கும் தடுப்புக் காவலிலும்தான் ஆட்கொணர்வு மனு வலுவாக நிற்கும்.

தடுப்புக் காவலில் தமிழருக்குக் கிடைக்கும் மிக உறுதியான வாதம் மொழி. காவலுக்கான காரணங்களைக் கைதிக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் ஹரிகிசன் வழக்கில் சொல்லிவிட்டது. கன்னடம் படிக்கத் தெரியாதவருக்குக் கன்னடத் தாள்களை மட்டும் நீட்டியிருந்தால், அன்றே தமிழ் மொழிபெயர்ப்பு கேட்டு எழுதிக் கொடுங்கள். தாள்களைப் பெற்றதற்கு இடும் கையெழுத்துக்கு மேல் 'படிக்கத் தெரியாது' என்று தமிழில் எழுதுவதும் பின்னால் கைகொடுக்கும். அரசுக்கும் ஆணையிட்ட அதிகாரிக்கும் கண்காணிப்பாளர் வழியாக முறையீடு அனுப்பி, ஒப்புகை தேதியைக் குறித்து வையுங்கள். முறையீட்டை விளக்கமின்றிக் கிடப்பில் போட்டிருந்தால் அதுவே காவலை ரத்து செய்யக் காரணமாகலாம்.

நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, மொழிபெயர்ப்பு, சான்று நகல் எல்லாம் சட்ட உதவியில் அடக்கம். நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் தனியாகப் பணம் கேட்கக்கூடாது. கேட்டால் நியமன உத்தரவு எண்ணோடு குழுவின் செயலாளருக்கு எழுதி, வேறொருவரைக் கேளுங்கள்.