வேலையில்லாதவர்களுக்கு 370 ரேண்ட்: யார் கேட்கலாம், எதைக் கவனிக்க வேண்டும்
தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வேலை போய் அரிசி பருப்புக்கே தடுமாறுகிறவர்கள் உங்கள் சொந்தத்தில் இருந்தால், முதலில் சாசாவின் (அரசின் சமூக உதவிப் பணம் வழங்கும் அமைப்பு) எஸ்.ஆர்.டி. உதவிக்கு, அதாவது வருமானமில்லாதவர்களுக்கான மாத உதவிப் பணத்துக்கு, மனுப் போடச் சொல்லுங்கள். 2020 மே மாதம் 350 ரேண்டில் ஆரம்பித்தது, 2024 ஏப்ரலிலிருந்து 370. ஒரு மாதச் சாப்பாட்டுக்குப் போதவே போதாது, ஆனாலும் விடக் கூடாது.

18 வயது ஆகியிருக்க வேண்டும், 60 தாண்டியிருக்கக் கூடாது. மாதம் இத்தனை மணி நேரம் உழைத்தால்தான் பணம் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் வந்த வேலையையோ படிப்பையோ தகுந்த காரணமில்லாமல் மறுத்திருக்கக் கூடாது. யூ.ஐ.எஃப். (வேலை இழந்தவர்களுக்கான காப்பீட்டுப் பணம்) வாங்கினால் கிடைக்காது. பிள்ளைக்கான உதவிப் பணம் வாங்கும் அம்மாக்கள் தங்கள் பெயரில் தாராளமாகக் கேட்கலாம், இது தெரியாமலே பலர் சும்மா இருக்கிறார்கள். நோயால் ஆறு மாதத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியாதவர்கள் ஊனமுற்றோர் உதவி கேட்பதே நல்லது, தொகை பல மடங்கு அதிகம்.

அதிகம் பேர் மாட்டுவது வங்கிக் கணக்கில்தான். மாதாமாதம் பார்க்கிறார்கள், 624 ரேண்டுக்கு மேல் வருமானம் தெரிந்தால் அந்த மாதம் கிடையாது. மகன் அனுப்பிய காசு, சீட்டுப் பணம் எல்லாமே வருமானமாகத் தெரியலாம், அதனால் அடுத்தவர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மறுத்துவிட்டார்களா? சரி, 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள், மறுத்த ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக. மனுவுக்கோ மேல்முறையீட்டுக்கோ கட்டணம் இல்லை, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.