கைக்கு வேலை தெரியட்டும், அப்புறம் காசு

பணம் சேரவே மாட்டேங்குது என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் நான் எந்த ஃபண்டின் பெயரையும் முதலில் சொல்வதில்லை. "போன வருஷம் செய்யத் தெரியாத எந்த வேலை இந்த வருஷம் தெரியும்?" என்றுதான் கேட்பேன். காரணம் சின்னக் கணக்கு. உங்களிடம் இருக்கும் ஒரு லட்சம் வருஷத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தால் கிடைப்பது 12,000 ரூபாய். அதுவே வேலையில் ஒரு படி தேறி மாதம் 3,000 கூடுதலாக வாங்கினால் 36,000. சேமிப்பு சின்னதாக இருக்கும் வயதில் கைத்திறன்தான் பெரிய சொத்து.

நான் கோயம்புத்தூரில் இரும்பைக் கடையும் லேத் பட்டறையில் சேர்ந்த புதிதில், பக்கத்து மெஷின் அண்ணன் ஒவ்வொரு ஷாஃப்டையும் (இரும்புத் தண்டு) மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளப்பார். நான் ஒரு முனையை மட்டும் அளந்துவிட்டு அடுத்ததை மாட்டுவேன். ஒரு நாள் என் பீஸ் மொத்தமும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது, மறுமுனை 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர், பெருத்திருந்தது. அன்றிலிருந்து மூன்று இடத்திலும் அளந்து நோட்டில் எழுத ஆரம்பித்தேன், ஷிப்ட் முடிந்ததும் தினம் ஒரு மணி நேரம் கணினியில் மெஷினை ஓட்டும் சிஎன்சி புரோகிராம் கற்றுக்கொண்டேன், தப்பை அந்த அண்ணனே திருத்தினார். நீங்களும் இப்படியே செய்யுங்கள்: உங்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர் எந்த வேலைக்காகக் கூடுதல் சம்பளம் வாங்குகிறாரோ அந்த ஒன்றை மட்டும் எடுங்கள், தப்பைச் சொல்ல ஓர் ஆளைப் பிடியுங்கள், வருஷம் முழுக்க விடாதீர்கள்.

சரி, சம்பளம் கூடுகிறது. கூடிய பணத்தைச் செலவு தொடுவதற்கு முன்னால், சம்பளம் வரும் அன்றே ஆர்.டி.க்கு (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக் கணக்கு) தானாகப் போகிற மாதிரி வங்கியில் சொல்லிவிடுங்கள். மாசக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்க்கலாம் என்று நினைத்தால் மிஞ்சவே மிஞ்சாது. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை முதலில் அடையுங்கள். பல கார்டுகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கும் மேல், வருஷத்துக்கு 36-ஐத் தாண்டும், எந்த முதலீடும் அதை ஈடுகட்டாது. அப்புறம் ஆறு மாதச் செலவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, உங்களை நம்பி ஆட்கள் இருந்தால் டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது நாம் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. காப்பீட்டையும் சேமிப்பையும் ஒரே பாலிசியில் கலப்பது எனக்குப் பிடிக்காது, இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் முதலீடு. தபால் நிலையத்தில் பிபிஎஃப் கணக்கு (அரசின் நீண்டகாலச் சேமிப்பு) தொடங்குங்கள், 15 வருஷம், வருஷத்துக்கு 500 ரூபாயில் இருந்து ஒன்றரை லட்சம் வரை போடலாம். கூடவே, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஒரு தொகை. சந்தை ஏறும், இறங்கும், ஆனால் மாதம் 5,000 ரூபாய், சராசரி 10 சதவீதம் கிடைத்தால் 20 வருஷத்தில் ஏறக்குறைய 38 லட்சம். அதில் நீங்கள் போட்டது 12 லட்சம்தான். நகை போட்டுக்கொள்ள வாங்குங்கள், முதலீடு என்று வாங்காதீர்கள், செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்ப வராது. சீட்டு போடுவதாக இருந்தால் 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவானதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மாதாமாதம் இவ்வளவு உறுதி என்று யாராவது பெரிய தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பெருந்துறைப் பக்கம் அப்படிச் சொன்னதை நம்பி ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்கள் 2012-ல் பட்ட பாட்டை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை, நிலத்தை விற்றுப் போட்டவர்களும் அதில் உண்டு.

கடைசியாக ஒன்று, இதை இன்று ராத்திரியே செய்யுங்கள். பாஸ்புக், பிஎஃப், பாலிசி எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய பெயர் அப்படியே இருந்தால் நாளைக்கே போய் மாற்றுங்கள், எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள்.