கண்ணாடி முன் சரி, அரைமண்டியில் சரியா? பரதநாட்டிய உடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவாலங்காட்டில் சிவனுக்கும் காளிக்கும் நடந்த ஆட்டப் போட்டியை நாட்டியம் கற்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். ஆட்டத்தின் நடுவே சிவனின் காதுக் குண்டலம் கழன்று விழுகிறது. தாளம் தப்பாமல் அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டிக்கொள்கிறார். சபையில் அப்படிக் காலைத் தூக்க நாணிய காளி தோல்வியை ஒப்புக்கொள்கிறாள். கேட்கிறவர்கள் ஊர்த்துவ தாண்டவத்தை எண்ணி மெய்சிலிர்ப்பார்கள். மேக்கப் அறையில் 20 ஆண்டுகளாக ஊக்கும் நூலுமாக நிற்கும் எனக்கோ, அன்று புறப்படும் முன் திருகாணியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றும்.

கழன்றதைக் காலால் எடுத்து மாட்டும் வித்தை நம் பிள்ளைகளுக்கு வராது. ஆகவே கழலாமல் பார்த்துக்கொள்வதே வழி. அரங்கேற்றம், சபா கச்சேரி, கோயில் விழா என்று நான் பார்த்த உடைக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே. உடையை நிற்கவைத்துச் சரிபார்க்கிறோம். ஆட்டமோ அரைமண்டியில் நடக்கிறது. கண்ணாடி முன்னால் நேராக நிற்கும் பெண்ணுக்கும், முழங்கால்களை இருபுறமும் விரித்துத் தாழ அமர்ந்து கைகளைத் தோள் மட்டத்தில் நீட்டும் பெண்ணுக்கும் உடலளவே வேறு.

அளவெடுக்கும் நாளில் தொடங்கும் தவறு

முன்பெல்லாம் ஆடுபவர்கள் புடவையைக் கட்டிக்கொண்டே ஆடினார்கள். கட்டிய துணி உடலோடு சேர்ந்து கொஞ்சம் நெகிழும், கொஞ்சம் இழுபடும். 1930களில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் உடையின் வடிவத்திலும் கருத்துச் செலுத்தினார். அதன் பின் படிப்படியாகத் தைத்த உடையே பொதுவழக்கமாகிவிட்டது. பட்டுப்புடவையை வெட்டி பைஜாமா, முன்விசிறி, இடுப்புத் துணி, மேலாக்கு, ரவிக்கை என்று தனித்தனியாகத் தைக்கிறார்கள். மாட்டுவது எளிது, பார்க்கவும் திருத்தம். ஆனால் தைத்த துணி தையல் விட்ட இடம் வரைதான் வரும், அதற்கு மேல் கிழியும்.

ஆகவே தையல்காரர் அளவெடுக்கும்போது பெண்ணை அரைமண்டியில் உட்காரச் சொல்லுங்கள். நாட்டிய உடை தைத்துப் பழகியவர் அவரே சொல்வார். மற்றவர் விழிப்பார், பரவாயில்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரையான நீளம், தொடைச் சுற்றளவு, இரு முழங்கால்களுக்கும் இடையே விசிறி விரிய வேண்டிய அகலம் மூன்றையும் அந்த நிலையிலேயே எடுக்க வேண்டும். பைஜாமா கிழிவது அநேகமாகக் கவட்டுத் தையலில்தான், அதுவும் குதிகால்மேல் முழுதாக உட்காரும் முழுமண்டிக்கு இறங்கும் கணத்தில். அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டுத் துணி வைத்து இரட்டைத் தையல் போடச் சொன்னால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக் கவலைக்கு, உடையின் நிறத்திலேயே உள்ளே ஓர் இறுக்கமான அரைக்கால்சட்டை.

விசிறியின் நீளத்தில் ஆசை வைக்காதீர்கள். சரிகைக் கரை முழுவதும் தெரிய வேண்டும் என்று சலங்கைக்குக் கீழே வரை இறக்கித் தைக்கச் சொல்லும் அம்மாக்கள் உண்டு. முழுமண்டியில் உட்காரும்போது அந்தக் கரை தரையில் படியும். எழும்போது பெருவிரல் அதன் மேல் இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கரை சலங்கையின் மேல்வரிசைக்குச் சற்று மேலேயே நிற்கட்டும்.

இன்னொன்று, வளரும் பிள்ளைகள். ஜூன் மாதம் அளவெடுத்து டிசம்பரில் அரங்கேற்றம் என்றால், இடையில் அவள் ஒரு விரற்கடையாவது வளர்ந்திருப்பாள். உள்மடிப்பில் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

தைத்து வந்த உடையை நிகழ்ச்சி நாளன்று முதன்முதலாகப் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. புதுப்பட்டு கசங்கிவிடுமே என்று பொத்திவைப்பார்கள். ஒரு நாள் முழு அலங்காரத்தோடு, சலங்கையும் தலைசாமானும் உட்பட, வர்ணத்தை ஒரு முறை முழுதாக ஆடிப் பார்க்க வேண்டும். வர்ணம் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நிகழ்ச்சியிலேயே நீளமான உருப்படி அது. அரைமணி நேரத்துக்குக் குறையாது. தீர்மானம் என்னும் ஜதிக்கோவை ஒவ்வொன்றுக்கும் உடை அசையும், வியர்வை ஊறும், நூல் இளகும். தொடக்க உருப்படியான அலாரிப்பில் உறுதியாக இருந்த ஊக்கு வர்ணத்தின் சரணத்தில்தான் வாய் திறக்கும்.

ஊக்கு குத்தும் கைகள்

மேக்கப் அறையில் அம்மா ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம், அன்போடு உதவ வந்த பக்கத்து வீட்டு மாமி ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு ஊக்கைக் கையில் வைத்திருப்பார்கள். நல்ல மனதுதான். ஆனால் எந்த ஊக்கு எதைத் தாங்குகிறது என்று மூவருக்கும் தெரியாது. நடுவில் ஒன்றை எடுத்தால் மொத்தமும் சரியும். உடை உடுத்துவது ஒருவர் கை வேலையாக இருக்கட்டும். மற்றவர்கள் ஊக்கை எடுத்துக் கொடுக்கலாம், விசிறலாம், முக்கியமாக வாசலில் நின்று புகைப்படக்காரரைத் தடுக்கலாம்.

ஊக்கு சரிகையை மட்டும் பிடித்து நிற்கக் கூடாது. சரிகை இழை அறுந்தால் ஊக்கு பட்டையோடு பிய்த்துக்கொண்டு வரும். மேலாக்கு, உள்துணி, ரவிக்கை என மூன்றையும் சேர்த்துக் கோக்க வேண்டும். இழுபடும் திசைக்குக் குறுக்காகக் குத்தினால் துணி ஊக்கின் முழு நீளத்திலும் சாய்ந்து நிற்கும். இழுபடும் திசையிலேயே குத்தினால் பாரம் முழுவதும் முனையில் விழும். ஒரு இடத்தை ஒரே ஊக்கு தாங்கக் கூடாது. பாரம் உள்ள இடத்தில் இரண்டு, அதற்கு மேல் நான்கு தையல்.

தோளில் மேலாக்கைக் குத்தும்போது பெண்ணின் கைகள் தொங்கிக்கொண்டிருந்தால் பிசகிவிடும். நாட்டியாரம்ப நிலையில், அதாவது தோள் மட்டத்தில், கைகளை நீட்டச் சொல்லிவிட்டுக் குத்துங்கள். ரவிக்கைக் கொக்கிகளை மாட்டும் முன் ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நீண்ட ஜதி முடிந்து மூச்சு வாங்கும்போது மார்புக்கூடு அவ்வளவு விரியும். நிற்கும்போது கச்சிதமாக இருந்த ரவிக்கை அப்போதுதான் பட்டென்று தெறிக்கும்.

ஒட்டியாணமும் இப்படித்தான். நின்றபடி கட்டினால் இடுப்பில் அழகாக உட்காரும், அரைமண்டியில் மேலேறி விலாவை இடிக்கும். உட்காரவைத்துக் கட்டி, பக்கவாட்டில் இரண்டு இடங்களில் உடையோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். ஒரு குழு நடனத்தில் 11 வயதுப் பெண் ஒருத்தி, நழுவிய ஒட்டியாணத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் முத்திரை பிடித்து ஆடி முடித்தாள். மேடையில் எட்டுப் பேர் ஆடினார்கள். சபை முழுக்க அந்த இடது கையைத்தான் பார்த்தது.

சலங்கை

மற்ற கோளாறுகள் வெட்கத்தோடு போய்விடும். சலங்கைக் கோளாறு காலை உடைக்கும். ஒரு மணி அறுந்து மேடையில் உருண்டால் அதன் மேல் அடுத்து விழப்போவது வெறுங்கால், அதுவும் தட்டடவின் முழு வேகத்தோடு. குழு நடனம் என்றால் யார் கால் என்றுகூடத் தெரியாது.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலை சலங்கையை மடியில் வைத்து ஒவ்வொரு மணியையும் விரலால் இழுத்துப் பாருங்கள். ஆடும் மணியை அன்றே தடித்த நூலால் தைத்துவிட வேண்டும். “நாளைக்கு ஒரு நாள் தாங்கும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல் வாரில் துளைகள் நீண்டு ஓட்டையாகியிருந்தால் வாரையே மாற்றுங்கள். புதுச் சலங்கையைப் பூஜையில் வைத்து வாங்கி நேராக மேடைக்குக் கொண்டுபோகும் வழக்கத்திலும் எனக்குச் சம்மதமில்லை. புதுத்தோல் விறைப்பானது, பத்து நாளாவது பயிற்சியில் கட்டிப் பழக்கினால்தான் காலோடு வளையும். பூஜையை முன்கூட்டியே நடத்திவிட்டால் போயிற்று.

கட்டும் இறுக்கத்தையும் அரைமண்டியில்தான் முடிவு செய்ய வேண்டும். நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து இறுக்கினால் மேடையில் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கும். தளர்த்திக் கட்டினால் இரண்டாவது உருப்படியில் குதிகாலுக்கு இறங்கும். வாரின் மீதி நுனியை உள்ளே செருகி இரண்டு தையல் போடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் நுனி அடுத்த காலின் மணியில் மாட்டும். கொலுசு போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். காலைப் பின்னால் மாற்றி வைக்கும் அடவில் கொலுசும் சலங்கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட காட்சியை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

தலைக்கு மேலே

என் சொந்தக் கதை ஒன்று. பதினாறு வயதில் ஒரு கோயில் திருவிழாவில் ஆடினேன். ஜடை வீசி அடிக்காமல் இருக்க அதைப் பின்னால் ஒட்டியாணத்துக்குள் செருகுவது வழக்கம். அன்று எனக்குச் செருகியவர் என் தலை நிமிர்ந்திருந்தபோது விறைப்பாக இழுத்துச் செருகிவிட்டார். அபிநய உருப்படியான பதம் தொடங்கியதும் குனியப் பார்த்தேன், தலை வரவில்லை. குஞ்சலம் ஒட்டியாணத்தின் வளையத்தில் நன்றாக மாட்டியிருந்தது. தலையை ஒருபுறமாகச் சாய்த்தபடியே முழுப் பதத்தையும் ஆடி முடித்தேன். இறங்கி வந்ததும் ஒரு பெரியவர், “அந்தத் தலைச்சாய்வில் என்னம்மா ஒரு விரகம்!” என்று கண்கலங்கினார். வலித்தது கழுத்து.

ஜடையைச் செருகும்போது முகவாய் மார்பைத் தொடும்படி குனியச் சொல்லுங்கள். அந்த நீளம்தான் சரியான நீளம். சவுரியைக் கொண்டை ஊசிகளை மட்டும் நம்பி மாட்டாமல், சொந்த முடியைச் சிறு கொண்டையாக முடிந்து, அதோடு கறுப்பு நூலால் கட்டுங்கள். அன்று காலையில் ஷாம்பு போட்டு அலசிய கூந்தல் பட்டுப்போல இருக்கும், ஊசி நிற்காது. முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுவது நல்லது.

மல்லிகை வாசத்தை விட மனமில்லைதான். ஆனால் உதிர்ந்த பூ மேடையில் நசுங்கினால் வழுக்கும். ஆட்டத்துக்குத் துணிப்பூவே பாதுகாப்பு. வீட்டுக்குப் போகும்போது மல்லிகை வைத்துக்கொள்ளலாம்.

நெற்றிச்சுட்டிக்கு உச்சி, இரு பக்கம் என மூன்று பிடி வேண்டும். ஜிமிக்கியின் கனத்தைக் காது தாங்கக் கூடாது, காதிலிருந்து தலைமுடிக்குப் போகும் சங்கிலியான மாட்டல் தாங்க வேண்டும். மாட்டலைத் தலைமுடியில் ஊசியால் நிறுத்துங்கள். திருகாணியைத் திருகியபின் பின்புறம் சிறு துண்டு ஒட்டுநாடா. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளாக இருந்தாலும் சரி, வாடகைக்கு எடுத்த சாதாரண செட்டாக இருந்தாலும் சரி, கல் பதித்த நகை என்றால் விரலால் தடவிப் பாருங்கள். ஆடும் கல் விரலுக்குத் தெரிந்துவிடும். நீண்ட மாங்காய் மாலை குதிக்கும்போது எகிறி வாயில் அடிக்கும். நடுவில் ஓர் இடத்தில் மேலாக்கோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். வாடகை நகையாயிற்றே, தைக்கலாமா என்று தயங்க வேண்டாம். நூலை வெட்டினால் தடம் தெரியாது.

பாதத்துக்குப் பூசும் சிவப்புச் சாயமான ஆல்தா வைப்பதை அவசரத்தில் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஈரமான ஆல்தா பட்டில் பட்டால் போகாது. உடை உடுத்தும் முன்பே வைத்து, நன்றாகக் காயவிட்ட பின்தான் பைஜாமாவைக் கால் வழியே ஏற்ற வேண்டும். அன்று பாதத்துக்கு எண்ணெயோ களிம்போ கூடவே கூடாது.

எல்லாம் மீறி நடந்துவிட்டால்

நடக்கத்தான் செய்யும். ஆடுபவளுக்கு முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லி வையுங்கள்: குனிந்து பார்க்காதே, கையால் தொடாதே, ஆடிக்கொண்டிருக்கும் அடவுக் கோர்வையை முடி. கோர்வை முடிந்து பின்னால் நடக்கும் நேரத்தில், தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரைப் பார்த்தால் போதும். அனுபவமுள்ள நட்டுவனார் ஒரு வரியைக் குறைத்துவிடுவார், பாடகர் ஒரு ஆலாபனையை நீட்டுவார், மூன்று நிமிடம் கிடைக்கும். விழுந்தது மணியோ ஊக்கோ என்றால் மட்டும் விதிவிலக்கு. அபிநயத்தோடு குனிந்து பூப்பறிப்பதுபோல எடுத்துவிடலாம், கூச்சப்பட வேண்டாம். எடுக்க முடியாவிட்டால் நிறுத்திவிட்டாவது எடுக்க வேண்டும்.

அந்த மூன்று நிமிடத்தில் ஊசியில் நூல் கோக்க உட்காரக் கூடாது. உடை நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று என இரண்டு ஊசிகளில் முன்பே நூல் கோத்து உங்கள் தோளில் குத்திவையுங்கள். சிறு கத்தரிக்கோல், பல அளவு ஊக்குகள், கொண்டை ஊசிகள், அகலமான எலாஸ்டிக், பழைய சலங்கை ஒரு ஜோடி ஆகியவை மேடைப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேக்கப் அறை மாடியில் இருந்தால் அங்கே இருக்கும் பெட்டியால் பயனில்லை.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் புகைப்படத்துக்கு நிற்கும்போது உங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. வியர்த்த பட்டை அப்படியே மடித்துப் பெட்டியில் திணித்தால் அடுத்த நிகழ்ச்சிக்குள் மடிப்பில் இற்றுவிடும். நிழலில், மின்விசிறியின் கீழ் இரவு முழுவதும் தொங்கட்டும். மறந்துபோன ஊக்கு துருப்பிடித்துப் பட்டில் கறை போடும். அதனால் எத்தனை குத்தினேன் என்று எண்ணி வைத்து, அத்தனையையும் எண்ணி எடுப்பேன். ஒரு முறை 42க்கு ஒன்று குறைந்தது. மேடை, மேக்கப் அறை, பெட்டி எல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அந்தப் பெண்ணின் மாமா தன் கார் இருக்கையில் அதைக் கண்டுபிடித்தார், கண்ணால் அல்ல.